தரங்கம்பாடியில் ஒரு பகல்

மூவாயிரம், நாலாயிரம் பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு இரவெல்லாம் ஓடி, விடியற்காலையில் ஏதேனும் ஒரு தீவின் துறையை அடைந்து, பகல் முழுவதும் அங்கே நின்று, பொழுது சாயுமுன் மறுபடியும் கடலிலே இறங்கிவிடுவது கரீபியன் கடலில் உலாவும் உல்லாசக் கப்பல்களின் நித்திய நியமம். துறை ஆழமாக இருந்தால் கப்பல் மேடையை ஒட்டியே நிற்கும். ஆழம் போதாத இடங்களில் தூரத்தில் நங்கூரமிட்டு, சிறு படகுகளில் ஜனங்களைக் கரை சேர்ப்பார்கள். கப்பல் புறப்படும் நேரத்துக்கு அரைமணி முன்னதாகவே எல்லோரும் திரும்பிவிட வேண்டும். தவறியவர்களுக்காகக் கப்பல் காத்திராது. ஆகவே பிரயாணிக்குக் கிடைப்பது ஏழெட்டு மணி நேரம். முந்நூறு ஆண்டுச் சரித்திரம் உள்ள ஒரு பட்டணத்தை ஏழெட்டு மணி நேரத்தில் பார்க்க முடியுமா என்றால், பார்க்கத் தெரிந்தவர்களுக்கு முடியும் என்றே சொல்ல வேண்டும்.

நம்மவர்களுக்கும் இந்த அனுபவம் முற்றிலும் அந்நியமன்று. 2023ஆம் ஆண்டில் சென்னைத் துறைமுகத்திலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இலங்கைத் துறைகளுக்கு உல்லாசக் கப்பல் விடத் தொடங்கினார்கள். ஆயினும் பெரம்பலூரிலும் அரியலூரிலும் வாழும் ஒரு சாமானியக் குடும்பத்துக்குக் கப்பலும் வேண்டாம், கடவுச்சீட்டும் வேண்டாம்; அதிகாலையில் ஒரு வண்டி பிடித்துக் கிழக்கே புறப்பட்டால், கரீபியன் தீவொன்றின் கோட்டையைக் கட்டிய அதே ராஜ்யம் அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே கட்டிய கோட்டையின் நிழலில், பத்து மணிக்குள் நிற்கலாம். அந்த ஊர் தரங்கம்பாடி. அந்த ராஜ்யம் டென்மார்க்.

கடற்கரையே இல்லாத இவ்விரண்டு ஜில்லாக்களிலிருந்து துறைமுகம் பார்க்கப் புறப்படுவது ஒரு விதத்தில் விநோதமானது. ஏனென்றால் ஒரு காலத்தில் சமுத்திரமே இங்கு வந்திருந்தது. பெரம்பலூரை அடுத்த காரை, குளக்காநத்தம் பகுதிகளின் செம்மண் ஓடைகளிலும், அரியலூரின் சுண்ணாம்புச் சுரங்கங்களிலும் கிடைக்கும் கல்லாய்ப்போன சிப்பிகளும் சுருள் சங்குகளும் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே அலையடித்த கடலின் எச்சங்கள். சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் பதினெட்டு மீட்டருக்கும் அதிக நீளமுள்ள மரம், அந்தக் கடற்கரையை ஒட்டி வளர்ந்து சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன் மண்ணுக்குள் புதைந்தது என்று புவியியலார் கணிக்கிறார்கள். இன்றைய சிமெண்டு ஆலைகள் அரைத்துத் தள்ளுவதும் அந்தக் கடலின் படிவைத்தான்.

ஜயங்கொண்டத்தைத் தாண்டியதும் கங்கைகொண்ட சோழபுரம் வருகிறது. கடல் கண்ணுக்கே தெரியாத இந்த இடத்தில் அமர்ந்துகொண்டு, 1025ஆம் ஆண்டை ஒட்டிக் கடாரத்துக்கும் ஸ்ரீவிஜயத்துக்கும் கலம் செலுத்தியவன் ராஜேந்திரன். அவன் இங்கே எழுப்பிய கோயிலை அரைமணியில் பார்த்துவிட்டுப் போவது அபசாரம். அதற்குத் தனியே ஒரு நாள் ஒதுக்குவதே நியாயம் என்பதால், இன்று விமானத்தைத் தூரத்திலிருந்து வணங்கிவிட்டு, அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடந்து, மயிலாடுதுறை வழியாகக் கடலை நோக்கிச் செல்வோம். 1836ஆம் ஆண்டில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணையின்மேல் வண்டி ஊர்ந்து போகும்போது மாத்திரம் சற்று வெளியே எட்டிப்பார்ப்பது நல்லது.

தரங்கம்பாடிக்குள் நுழைவதற்குக் கோட்டைவாசல் ஒன்று இருக்கிறது. வெள்ளையடித்த அந்த வாயிலின் நெற்றியில் டேனிஷ் அரச முத்திரையும் 1792 என்ற ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. வண்டியை இங்கேயே நிறுத்திவிட வேண்டும் என்பது என்னுடைய உறுதியான அபிப்பிராயம். வாயிலிலிருந்து கடல்வரை நேராகச் செல்லும் ராஜவீதி நடந்தே பார்க்கவேண்டிய வீதி. அதன் நீளமும் கால்மணி நடைக்கு மேற்பட்டதன்று. கனத்த தூண்கள் தாங்கும் தாழ்வாரங்களும், உயர்ந்த மரக்கதவுகளும், மஞ்சளும் வெள்ளையுமாகப் பூசிய சுவர்களும் கொண்ட அந்த வீடுகளின் வரிசையிலே, இடிந்து செடி முளைத்துக் கிடப்பனவும் உண்டு, அண்மைக் காலத்தில் அக்கறையோடு புதுப்பிக்கப்பட்டவையும் உண்டு.

டேனிஷ்காரர்கள் இங்கே வந்து சேர்ந்த கதை யாரும் திட்டமிட்டு நடந்ததன்று. 1616ஆம் ஆண்டில் நான்காம் கிறிஸ்டியன் என்ற டேனிஷ் அரசர் கிழக்கிந்தியக் கம்பெனி ஒன்றை ஸ்தாபித்தார். கண்டி அரசருக்குப் போர்த்துக்கேயரை எதிர்க்க உதவி வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்த ஒருவரின் பேச்சை நம்பி, ஓவே ஜெட்டே என்ற இளம் பிரபுவின் தலைமையில் 1618ஆம் ஆண்டு கப்பல்கள் இலங்கையை நோக்கிப் புறப்பட்டன. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுப் பிரயாணத்தில் பெருந்திரளான மாலுமிகள் மாண்டுபோக, எஞ்சியவர்கள் இலங்கையை அடைந்தபோது, எதிர்பார்த்து வந்த உடன்படிக்கை அங்கே கைகூடவில்லை. அதற்குள் முன்னதாக அனுப்பப்பட்டிருந்த ஒரு கப்பல் காரைக்கால் அருகே போர்த்துக்கேயரால் நாசமாக்கப்பட, அதிலிருந்து தப்பிய ரோலண்ட் கிராப்பே என்பவர் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரின் சபையை அடைந்து பேச்சுவார்த்தைக்கு வழி செய்திருந்தார். இவ்வாறு இலங்கையில் கிட்டாத இடம் சோழநாட்டில் கிட்டியது. 1620ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் உடன்படிக்கை ஆயிற்று. டேனிஷ் அரசருக்குத் தமிழில் எழுதிப் பொன்னேட்டில் நாயக்கர் அனுப்பிய ஓலை இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது.

ராஜவீதியின் நடுவில் இருக்கும் புதிய எருசலேம் ஆலயம் 1718ஆம் ஆண்டில் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அதன் முகப்பில் நான்காம் பிரெடரிக் மன்னரின் கிரீடமும் எழுத்துச் சின்னமும் இருக்கின்றன. 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் தேதி இங்கே கரையிறங்கிய லூத்தரன் பாதிரியார் சீகன்பால்கு 1719இல், முப்பத்தாறே வயதில் காலமாகி, இந்த ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார். திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு மணலில் உட்கார்ந்து விரலால் அரிச்சுவடி எழுதிப் பழகியவர் அவர். இங்கிருந்த டேனிஷ் அதிகாரிகளோடு பிணங்கி, கடற்கரைக் கோட்டையிலேயே நான்கு மாத காலம் சிறைவைக்கப்பட்டவரும் அவரே. லண்டனிலிருந்து வந்த அச்சியந்திரத்தையும் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்தனுப்பிய தமிழ் எழுத்துகளையும் கொண்டு 1713 முதல் இங்கே தமிழ் நூல்கள் அச்சாயின. அந்த எழுத்துகள் பருத்துக் காகிதத்தை விழுங்கியதால் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்துக்கொண்டார்கள். காகிதம் போதாமல் பொறையாறு பக்கத்தில் காகிதப் பட்டறையும் வைத்தார்கள். அந்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்ற பெயர் நிலைத்துவிட்டது.

தமிழ் அச்சு தரங்கம்பாடியில் பிறந்தது என்று சிலர் உற்சாகத்தில் சொல்லிவிடுவார்கள். அது சரியன்று. 1578ஆம் ஆண்டிலேயே கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சாகியிருக்கிறது. ஆனால் போர்த்துக்கேயர் தொடங்கிய அந்தக் காரியம் நீடிக்காமல் தேய்ந்துபோக, அதை அறுபடாத ஒரு தொழிலாக நிலைநாட்டிய பெருமை தரங்கம்பாடிக்கு உரியது. அவ்வளவே போதுமான பெருமை.

அரியலூர்வாசிகள் இந்த ஆலயத்தின் வாசலில் நின்று நினைக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. தரங்கம்பாடிப் பாதிரிமாரோடு காரசாரமாகக் கண்டன யுத்தம் நடத்திய எதிர்க்கட்சித் தலைவர் வாழ்ந்தது அரியலூர் ஜில்லாவின் ஏலாக்குறிச்சியிலே. தேம்பாவணி இயற்றிய வீரமாமுனிவர்தாம் அவர். கொள்ளிடக் கரையில் இருந்துகொண்டு லூத்தரினத்தியல்பு, வேத விளக்கம் முதலான உரைநடை நூல்களைத் தரங்கம்பாடியாரை மறுத்தே எழுதினார். இரு தரப்பிலும் கோபம் இருந்தது. அந்தக் கோபத்தினால் தமிழ் உரைநடைக்கு நல்ல தேகப் பயிற்சி கிடைத்தது.

ராஜவீதி முடியும் இடத்தில் மைதானம். மைதானத்தின் ஓரத்தில் கோட்டை. அதற்கு அப்பால் வங்கக் கடல். டேன்ஸ்போர்க் என்று பெயரிடப்பட்ட இக்கோட்டையின் கீழ்த்தளத்தில் கிடங்குகளும் சமையலறையும் சிப்பாய்களின் கொட்டடியும் சிறையும் இருந்தன. மேல்தளத்தில் கவர்னரும் பாதிரியாரும் குடியிருந்தார்கள். இப்போது தமிழ்நாடு தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. அதிலுள்ள பண்டங்களைவிடக் கட்டடத்தின் கமான் வளைவுகளே என் மனத்தை அதிகம் கவர்ந்தன.

இந்தக் கோட்டைக்குள் நிகழ்ந்த ஒரு சம்பவத்தை மாத்திரம் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். 17ஆம் நூற்றாண்டின் நடுவில் டென்மார்க் ஐரோப்பிய யுத்தங்களில் சிக்கி இளைத்துப்போய், ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம் தாய்நாட்டிலிருந்து ஒரு கப்பல்கூட இங்கு வரவில்லை; கம்பெனியும் கலைக்கப்பட்டது. அதிகாரிகள் ஒருவர்பின் ஒருவராக மாண்டும் மறைந்தும் போக, எஸ்கில்ட் ஆண்டர்சன் கோங்ஸ்பக்கே என்ற, உயர்குடிப் பிறப்பில்லாத ஒரு சாதாரண மனிதர் மட்டும் எஞ்சினார். கடலில் கிடைத்த கப்பல்களைப் பறித்தும், உள்ளூர்ச் சிப்பாய்களுக்கு அந்தப் பணத்தில் கூலி கொடுத்தும், முற்றுகையிட வந்த தஞ்சைப் படையை எதிர்த்தும், ஊரைச் சுற்றி மதில் எழுப்பியும், தம்மை மறந்தே போய்விட்ட ஒரு ராஜாவின் கொடியை அவர் பறக்கவிட்டுக்கொண்டிருந்தார். 1669ஆம் ஆண்டு ஒருவழியாகக் கப்பல் வந்தது. விசுவாசத்தின் மகிமை என்று இதைப் புகழ்வதா, பிடிவாதத்தின் எல்லை என்று வியப்பதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அந்தக் கப்பல் வந்த சில ஆண்டுகளுக்குள்ளேதான் டேனிஷ்காரர்கள் பூமியின் மறுபக்கத்திலே, கரீபியன் கடலின் செயின்ட் தாமஸ் தீவில் குடியேறினார்கள். 1680ஆம் ஆண்டளவில் அங்கே அவர்கள் கட்டி முடித்த கிறிஸ்டியன் கோட்டை சிவப்பு வர்ணம் பூசியது. தரங்கம்பாடிக்கு ராஜவீதி இருப்பதுபோல அந்தத் துறைமுகத்தின் பிரதான வீதிக்கு ராணிவீதி என்று டேனிஷ் மொழியில் பெயர். ஊரின் பெயரும் ஒரு டேனிஷ் ராணியின் பெயரே: ஷார்லட் அமாலி. ஓவியர் கமில் பிஸாரோ 1830ஆம் ஆண்டில் பிறந்தது அங்கேதான். உலகத்தின் உல்லாசக் கப்பல்கள் மிகுதியாக வந்து நிற்கும் துறைகளுள் ஒன்றாக அது இன்று விளங்குகிறது. கப்பலிலிருந்து இறங்கும் ஆயிரக்கணக்கானோரில் பெரும்பாலோர் வரியில்லாமல் விற்கும் வைரக் கடைகளிலும் கடியாரக் கடைகளிலும் தங்கள் ஏழெட்டு மணி நேரத்தைக் கரைத்துவிட்டு, கோட்டையை வெளியிலிருந்தே படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.

அவர்கள் காணாமல் விட்டுப்போவது சாமானியமான சரித்திரமன்று. இன்று காய்கறி விற்கும் அவ்வூர்ச் சந்தைச் சதுக்கத்தில் ஒரு காலத்தில் மனிதர்கள் விற்கப்பட்டார்கள். சோழமண்டலக் கரையில் நெய்த துணிகள் கோபன்ஹேகனில் ஏலம் போய், அவற்றில் ஒரு பகுதி மேற்கு ஆப்பிரிக்கக் கோட்டைகளுக்குச் சென்று, அங்கே அடிமைகளை வாங்குவதற்குக் கைமாற்றுப் பண்டமாயிற்று. அவ்வாறு வாங்கப்பட்டவர்கள் செயின்ட் தாமஸுக்கும் மற்றொரு டேனிஷ் தீவான செயின்ட் குரோயிக்கும் கொண்டுசெல்லப்பட்டுக் கரும்புத் தோட்டங்களில் மடிந்தார்கள். நம் கரையும் நிரபராதியன்று. பஞ்ச காலங்களில் சோற்றுக்கு வழியற்ற ஏழைகளை விலைக்கு வாங்கிக் கப்பலேற்றும் வழக்கம் 17ஆம் நூற்றாண்டில் இந்தத் தரங்கம்பாடியிலும் நடந்தது. 1848ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் தேதி, செயின்ட் குரோயியில் அடிமைகள் திரண்டெழுந்த பிறகே டேனிஷ் தீவுகளில் விடுதலை பிரகடனமாயிற்று.

இரண்டு கரைகளையும் இணைத்த நல்ல இழை ஒன்றும் உண்டு. ஹாலே நகரப் பள்ளியில் தரங்கம்பாடிச் செய்திகளைக் கேட்டு வளர்ந்த சின்சென்டார்ஃப் என்ற ஜெர்மானியப் பிரபு, 1731ஆம் ஆண்டில் கோபன்ஹேகனுக்கு ஒரு முடிசூட்டு விழாவுக்குச் சென்றபோது, செயின்ட் தாமஸிலிருந்து வந்திருந்த அந்தோனி என்ற கறுப்பினத்தவரைச் சந்தித்து, அடிமைகளின் துயரத்தை அவர் வாயிலாகக் கேட்டார். அடுத்த ஆண்டே அந்தப் பிரபுவின் ஆதரவு பெற்ற மொரேவிய சபையின் ஊழியர் இருவர் அத்தீவுக்குக் கப்பலேறினார்கள். 1760ஆம் ஆண்டில் அதே சபையார் தரங்கம்பாடிக்கும் வந்து தோட்டம் அமைத்துக் குடியிருந்தார்கள்.

கோட்டையின் மதிலிலிருந்து வடக்கே பார்த்தால் மாசிலாமணிநாதர் கோயில் தெரியும். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306ஆம் ஆண்டை ஒட்டி எழுந்தது. டேனிஷ்காரர்கள் வந்தபோதே அதற்கு முந்நூறு வயது கடந்திருந்தது. முன்பகுதிகளைக் கடல் கொண்டுபோய்விட, அலைகளைத் தடுக்கக் கொட்டிய கற்களுக்குப் பின்னால் கருவறை நிற்கிறது. அண்மைக் காலத்தில் திருப்பணியும் நடந்திருக்கிறது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை இவ்வூர் மீனவக் குடியிருப்புகளில் செய்த நாசத்தை இன்றும் இங்குள்ள முதியவர்கள் குரல் தாழ்த்தியே பேசுகிறார்கள். கடல் உள்ளே வந்துகொண்டிருக்கிறது என்பதை அறிய இந்தக் கோயிலுக்கு மேல் வேறு சாட்சி வேண்டியதில்லை.

கரையிலே நின்று பார்க்கும்போது ஒரு கேள்வி எழுவது இயல்பு: இந்தத் துறைக்கு ஏன் கப்பல் வருவதில்லை? உண்மை என்னவென்றால், தரங்கம்பாடி எக்காலத்திலும் மலைகள் அணைத்த துறைமுகமாக இருந்ததில்லை. மணல் மேடிட்ட திறந்த கரை இது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட, மூட்டைகளும் மனிதர்களும் சலங்குப் படகுகளில் அலைகளைத் தாண்டித்தான் கரை சேர்ந்தார்கள். அந்தப் படகுகளைச் செலுத்திய பட்டினவர்களின் கைத்திறமையே துறைமுகமாக இருந்தது. பிரிட்டனும் பிரான்ஸும் போரிட்ட 18ஆம் நூற்றாண்டில் நடுநிலை நாட்டின் கொடி என்பதால் இங்கே வியாபாரம் கொழித்தது. 1801ஆம் ஆண்டிலும், மறுபடி 1808 முதல் 1815 வரையிலும் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்துக்கொண்டதும் அந்தக் கொழுப்பு வற்றிப்போயிற்று. ஏறக்குறைய அதே ஆண்டுகளில் செயின்ட் தாமஸையும் ஆங்கிலேயர் பிடித்திருந்தார்கள். ஆனால் ஆழ்ந்த இயற்கைத் துறை அந்தத் தீவைக் காப்பாற்றியது. முடிவில் டேனிஷ் அரசு இரண்டையும் விற்றுவிட்டது. 1845ஆம் ஆண்டில் தரங்கம்பாடியும் வங்காளத்து ஸ்ரீராமபுரமும் சேர்ந்து பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனியிடம் போயின. 1917ஆம் ஆண்டில் அந்தத் தீவுகள் இரண்டரைக் கோடி டாலருக்கு அமெரிக்காவிடம் போயின. தரங்கம்பாடி கைமாறிய பிறகு, நாகப்பட்டினத்துக்கு 1861இல் ரயில் வந்ததும், எஞ்சியிருந்த வர்த்தகமும் தெற்கே நகர்ந்தது. தரங்கம்பாடிக்கு ரயில் வந்தது 1926ஆம் ஆண்டில். அதுவும் பின்னர் நிறுத்தப்பட்டது.

தெற்கே சிறிது தூரத்தில் இருக்கும் காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் பிரெஞ்சுக்காரர்கள் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்களைக் கரீபியன் தீவுகளுக்கு அனுப்பினார்கள் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். 1853ஆம் ஆண்டில் ஒரேலி என்ற கப்பல் முதல் கூட்டத்தை மார்த்தினிக் தீவில் இறக்கியது; மறு ஆண்டின் இறுதியில் அதே கப்பல் குவாதலூப்பில் இறக்கியது. அவர்களுடைய சந்ததியார் தமிழ் பேச மறந்தும் மாரியம்மனை மறக்கவில்லை. இன்றும் அந்தத் தீவுகளில் அம்மனுக்குப் பூசை நடக்கிறது. உல்லாசக் கப்பலிலிருந்து பகல்வேளை இறங்கி உலாவும் பிரயாணிகளுள் எத்தனை பேருக்கு அந்தக் கோயில்களின் வாசல் தெரியும்?

நண்பகலில் வெயில் கடுமையாக இருக்கும். கோட்டை மைதானத்தில் நிழல் அற்பம். தெருக்களையும் கோயிலையும் காலையில் பார்த்துவிட்டு, உச்சிப் பொழுதைக் கோட்டைக்குள் அருங்காட்சியகத்தில் கழித்து, மாலையில் கடற்கரைக்கு வருவதுதான் உசிதம். அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை உண்டு. விசாரித்துக்கொண்டு புறப்பட வேண்டும். கடலில் கற்களும் அலையும் அதிகம். குழந்தைகளை இறங்கவிடக் கூடாது. பெரம்பலூர், அரியலூர்ப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம்: ஆண்டுதோறும் பிள்ளைகளை எங்கேயோ தூரதேசத்துக்கு அழைத்துச் செல்வதற்குப் பதிலாக, ஓர் ஆண்டேனும் காலை ஆறு மணிக்கு வண்டியைக் கிழக்கே திருப்புங்கள், இரவு எட்டு மணிக்குள் எல்லோரையும் வீடு சேர்த்துவிடலாம்.